குதிரைக்கு வேண்டிய சாமான்

எங்கள் வீட்டில் ஒரு நாளும் குதிரை இருந்ததில்லை. ஆனால் குதிரைக்கு வேண்டிய சாமான் எல்லாம் இருந்தது. முகப்பட்டை, கண்பட்டை, கடிவாள வார், கழுத்துப்பட்டை, வண்டிச் சேணம், வயிற்றுவார், வால்வார், சவுக்கு. மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடித்துவிடக் கூடாது என்று அடுப்புப் புகை எட்டுகிற உத்தரத்தில் இதையெல்லாம் தாத்தா கட்டித் தொங்கவிட்டிருப்பார். பிள்ளைகள் நாங்கள் அதற்குக் கீழேதான் படுப்போம்.

பாவூர்சத்திரம் திருநெல்வேலியிலிருந்து தென்காசி போகிற ரோட்டில் இருக்கிறது. சத்திரம் என்றாலே வழிப்போக்கர்களும் அவர்களுடைய மாடும் குதிரையும் இளைப்பாறுகிற இடம்தான். இன்றைக்கு வெளியூர்க்காரர்களுக்கு அது காய்கறி மார்க்கெட். தாத்தா காலத்தில் எங்கள் தெருவுக்குச் சோறு போட்டது வெள்ளாமையும் ஜட்காவும். தென்காசி ஸ்டேஷனில் இறங்கி, ஆனி ஆடிச் சாரலுக்குக் குற்றாலம் போகிறவர்களை ஏற்றிப்போன வண்டிகளில் பலவற்றின் தோல்சாமான் தாத்தா தைத்தது. அருவியில் குளித்துவிட்டு எண்ணெய் மணக்கத் திரும்பிய எந்த மைனருக்கும் அது தெரிந்திருக்காது. தெரிந்திருந்தால் வண்டியில் ஏறியிருப்பாரா என்பது வேறு விஷயம்.

நாங்கள் சக்கிலியர். இப்போது அருந்ததியர் என்கிறோம். தாத்தாவை ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டது கிடையாது. "ஏ பகடை" தான். பத்து வயசுப் பையனும் அப்படித்தான் கூப்பிடுவான்.

குதிரை வச்சிருக்கிறவனுக்கு என்னவெல்லாம் வேணும் என்று சின்ன வயசில் தாத்தாவிடம் கேட்டிருக்கிறேன். தோல்வேலை செய்கிறவர் தோலைத்தான் முதலில் சொல்வார் என்று நினைத்தேன். அவர் சொன்ன வரிசை வேறு. "முதல்ல தண்ணிளா. பொறவு புல்லு. பொறவு காணம். பொறவு நிழலு. இம்புட்டும் இருந்தாத்தான் தோலப் பத்திப் பேசணும்." ஒரு குதிரைக்கு ஒரு நாளைக்கு முப்பது லிட்டர் தண்ணீர் சாதாரணமாக வேண்டும்; வெயிலில் வேலை செய்தால் இன்னும் கூட. காணம் என்று நாங்கள் சொல்லுவது கொள்ளு. அதை ஊறவைத்துத்தான் கொடுக்கவேண்டும், ஒரேயடியாகக் கொட்டக்கூடாது. மாடு மாதிரி குதிரை அசைபோடாது. அதற்கு வாந்தியும் வராது. தின்றது ஒத்துக்கொள்ளவில்லை என்றால் வயிற்றுவலியில் உருண்டு உருண்டே செத்துப்போகும். இதை எந்தப் புத்தகத்திலும் தாத்தா படிக்கவில்லை. அவருக்குப் படிக்கத் தெரியாது.

லாடம் கொல்லாசாரி வேலை. குளம்பு நம் நகம் மாதிரி வளர்ந்துகொண்டே இருக்கும். மாசத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர். ஆறு ஏழு வாரத்துக்கு ஒரு தடவை லாடத்தைக் கழற்றி, குளம்பைச் சீவி, மறுபடி அடிக்கவேண்டும். தார்ரோட்டில் ஓடுகிற குதிரைக்கு லாடம் அதற்குள் தேய்ந்துபோகும். ஆணி குளம்பின் வெளிச்சுவரில் இறங்கவேண்டும். ஒரு நெல் அளவு உள்ளே போனாலும் குதிரை நொண்டும். தாத்தா இரும்பைத் தொடமாட்டார், ஆசாரி தோலைத் தொடமாட்டார். ஆனால் ஆசாரி பட்டறைக்கு ஊருக்குள் இடம் இருந்தது. எங்கள் தொட்டி ஊருக்குக் கிழக்கே, ஓடைக்கு அந்தப் பக்கம்.

தொட்டி என்றது தோல் ஊறப்போடுகிற தொட்டி. ஊரில் மாடு செத்தால் ஆள் வரும். தூக்கிக்கொண்டு போய் உரிக்கவேண்டியது எங்கள் கடமை என்று எழுதாத சட்டம். சுண்ணாம்பில் ஊறவைத்து, மயிர் கழித்து, சதை வழித்து, ஆவாரம்பட்டையும் கடுக்காயும் இடித்துப் போட்ட தண்ணீரில் நாள் கணக்காகப் போட்டுவைக்கவேண்டும். பட்டை இடிக்கிறது ஆச்சியும் அம்மாவும். அந்தத் துவர்ப்பு இறங்கி இரண்டு பேர் உள்ளங்கையும் வருஷம் பூராவும் பழுப்பாகத்தான் இருக்கும். காய்ந்த தோலுக்குப் புங்க எண்ணெய் தேய்த்து மிருதுவாக்குவது தாத்தா. நூலுக்கு மெழுகு ஏற்றுவது நான். குதிரைச் சாமானுக்கு இழுவை தாங்குகிற வார் எல்லாம் எருமைத் தோல். குதிரையின் உடம்பில் படுகிற உள்பக்கத்துக்கு ஆட்டுத்தோல். இத்தனை பேர் இத்தனை நாள் செய்கிற வேலையை 'நாற்றம்' என்ற ஒரே சொல்லில் முடித்துவிட்டார்கள் ஊர்க்காரர்கள்.

சேணத்தில் பெரிய சூட்சுமம் ஒன்று உண்டு. பார்க்கிறவர்களுக்கு அது குதிரையின் முதுகில் உட்கார்ந்திருப்பது மாதிரி தெரியும். உண்மையில் முதுகெலும்பை அது தொடவே கூடாது. இரண்டு பக்கமும் விலா மேல் இருக்கிற சதையில் பாரம் இறங்கவேண்டும். நடுவில் ஒரு வாய்க்கால் விட்டமாதிரி வெளிச்சம் தெரியவேண்டும். அந்த வாய்க்கால் அடைபட்டால் நாலு நாளில் புண். புண்ணில் ஈ மொய்க்கும். வயிற்றுவாரைக் கட்டினபிறகு அதற்குள் இரண்டு விரல் நுழையவேண்டும். மூன்று விரல் நுழைந்தால் சேணம் சரியும், ஒரு விரல்தான் நுழையும் என்றால் குதிரைக்கு மூச்சு முட்டும். கடிவாளம் வாயோரத்தைக் கிழிக்கக் கூடாது. கண்பட்டை கண்ணில் உரசக் கூடாது. சாமான் சரியில்லாத குதிரையைத் தூரத்தில் பார்த்தே தாத்தா சொல்லுவார். "பாவம், வாயில்லா சீவன். அதைக் கெட்டுனவன் கையில புண்ணு வந்தாத் தெரியும்."

அளவு எடுக்க ஜட்காக்காரர்கள் குதிரையைக் கொண்டுவருவார்கள். எங்கள் தெருவுக்குள் வரமாட்டார்கள். தெரு முனையில் புளியமரத்தடியில் நிறுத்திவிட்டு ஆள் விடுவார்கள். தாத்தா நூலை எடுத்துக்கொண்டு போய்க் குதிரையின் நெற்றி, தாடை, கழுத்து, மார்பு, விலா எல்லாம் தொட்டுத் தடவி அளந்து முடிச்சுப் போட்டுக்கொள்வார். குதிரையைத் தொடலாம். குதிரைக்காரரைத் தொடமுடியாது. கூலியைத் தரையில் வைப்பார்கள். சாமானை வாங்கும்போது தாத்தா கீழே வைத்துவிட்டுத் தள்ளி நிற்கவேண்டும். அவர்கள் தண்ணீர் தெளித்துவிட்டு எடுத்துக்கொள்வார்கள். அதே வார்தான் அப்புறம் அவர்கள் கையில் நாள் பூராவும் இருக்கும். வியர்வையில் நனைந்து கையோடு ஒட்டிக்கொள்ளும். தென்காசி ஜட்காக்காரர்களில் பாய்மார்கள் மட்டும் காசைக் கையில் கொடுப்பார்கள். அதை ஆச்சி கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாள்.

இது ஏதோ எங்கள் ஊர் வழக்கம் என்று நினைக்கவேண்டாம். 1860களில் வெள்ளைக்கார சர்க்கார் தன் குதிரைப்படைக்கும் பீரங்கிப்படைக்கும் சேணமும் தோல்சாமானும் செய்யக் கான்பூரில் தொழிற்சாலை வைத்தது. அங்கே தோலில் கைவைத்து வேலை செய்தவர்களில் பெரும்பகுதி சமார்களும் முஸ்லிம்களும்தான். இன்றைக்கும் கான்பூர்ச் சேணம் ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் கப்பலேறுகிறது. புவிசார் குறியீடும் வாங்கியிருக்கிறது. ஊரின் பெயருக்குக் குறியீடு கிடைக்கிறது. தைத்த சாதிக்கு என்ன கிடைத்தது என்று கேட்டால் பொருளாதாரப் பேராசிரியர்களுக்குக் கோபம் வரும்.

நம் நாட்டில் குதிரை என்றால் ராஜா, ராஜா என்றால் குதிரை. ஆனால் குதிரை இந்த மண்ணின் பிராணி அல்ல. கடல் வழியாக வந்தது. பட்டினப்பாலையே அதைச் சொல்கிறது. லகான், சவுக்கு என்று நாம் சொல்கிற பெயர்களும் பாரசீகத்திலிருந்து வந்தவை. பாண்டியர் காலத்தில் தாமிரபரணி கடலில் சேருகிற இடத்தில் இருந்த காயல் துறைமுகத்தில் அரபுக் குதிரைகளும் பாரசீகக் குதிரைகளும் வந்து இறங்கின. 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்கோ போலோ எழுதிவைத்திருக்கிறார்: ராஜாவும் அவர் சகோதரர்களும் ஆளுக்கு இரண்டாயிரம் குதிரைக்குமேல் வருஷம் வருஷம் வாங்குகிறார்கள், வருஷக் கடைசியில் நூறுகூட மிஞ்சுவதில்லை, பேணத் தெரிந்தவர்கள் இல்லாததால் செத்துப்போகின்றன. குதிரைக்கு வைத்தியம் தெரிந்தவர்கள் இங்கே வந்துவிடாமல் வியாபாரிகளே பார்த்துக்கொண்டார்களாம். குதிரை சாகச்சாகத்தானே வியாபாரம்.

கொஞ்ச காலம் கழித்து வசாஃப் என்ற பாரசீக வரலாற்றாசிரியர் இன்னும் விவரமாக எழுதினார். குதிரைக்கு வறுத்த தானியத்தை வெண்ணெயில் பிசைந்து கொடுக்கிறார்கள், காய்ச்சின பசும்பால் குடிக்க வைக்கிறார்கள். கயிறும் முளையும் போட்டு நாற்பது நாள் லாயத்தில் கட்டியே வைத்துக் கொழுக்கவைக்கிறார்கள். அப்புறம் பழக்காமலே, அங்கவடி இல்லாமல், ஏறுவதற்கான சாமான் எதுவும் இல்லாமல் பேய் மாதிரி ஏறி ஓட்டுகிறார்கள். நல்ல குதிரையும் கொஞ்ச நாளில் ஒன்றுக்கும் உதவாமல் போகிறது. தாத்தா சொன்ன வரிசையை வைத்துக்கொண்டு இதைப் படித்தால் சிரிப்பு வருகிறது, வயிறும் எரிகிறது. தண்ணீரும் புல்லும் காணமும் கொடுக்கவேண்டிய பிராணிக்கு வெண்ணெயும் பாலும். அத்தனையும் யார் உழுத நிலத்தின் வரி? மாணிக்கவாசகர் குதிரை வாங்கக் கொண்டுபோன பணத்தில் கோயில் கட்டினார், நரி பரியானது என்று புராணம் பாடுகிறார்கள். குதிரை வாங்கக் கருவூலம் திறந்த கதை பக்திக்குள்ளேயும் வந்து உட்கார்ந்திருக்கிறது. லாயம் கூட்டினவன் எந்தப் புராணத்திலும் இல்லை.

எங்கள் கதையில் இருக்கிறான். ஆச்சி சொல்லுகிற கதை.

நெற்கட்டும்செவல் எங்கள் ஊருக்கு வடக்கே, இப்போது இதே தென்காசி மாவட்டத்தில்தான் இருக்கிறது. பூலித்தேவருடைய பாளையம். அவர் படையில் தளபதியாக இருந்த ஒண்டிவீரன் பகடை. வெள்ளைக்காரனும் நவாபு படையும் தென்மலையில் பாளையம் இறங்கியிருக்கின்றன. முடிந்தால் எங்கள் பட்டத்துக் குதிரையையும் வாளையும் எடுத்துக்கொண்டு போ பார்ப்போம் என்று சவால் வருகிறது. ஒண்டிவீரன் செருப்புத் தைக்கிறவனாக, குதிரைச்சாமான் பழுதுபார்க்கிறவனாக உள்ளே நுழைகிறான். அதற்கு வேஷம் தேவையில்லை, அவன் சாதியே அவனுக்கு வேஷம். சக்கிலியனை யார் முகம் பார்த்தார்கள்? ராத்திரி குதிரையை அவிழ்க்கப் போகும்போது அது மிரண்டு முளையைப் பிடுங்கிக்கொண்டு சத்தம் போடுகிறது. அவன் புல்லுக்குள் புகுந்து படுத்துக்கொள்கிறான். காவல்காரன் வந்து குதிரையைப் பிடித்து முளையை மறுபடி அடிக்கிறான். புல்லுக்குள் நீட்டிக்கிடந்த கையின் மேலேயே அடிக்கிறான். முளை கையைத் துளைத்துத் தரையில் இறங்குகிறது. ஒண்டிவீரன் வாயைத் திறக்கவில்லை. காவல்காரன் போனபிறகு மாட்டிக்கொண்ட கையைத் தானே வாளால் வெட்டிவிட்டு, ஒற்றைக் கையோடு குதிரையில் ஏறி நெற்கட்டும்செவல் வந்து சேர்கிறான்.

இது வாய்மொழிக் கதை. ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். ஒரு ஊரில் பாளையத்து மணியையும் அடித்துவிட்டுக் கிளம்புவான், ஒரு ஊரில் பீரங்கியையும் திருப்பிவைத்துவிட்டு வருவான். மேடையில் பேசுகிறவர்கள் கை வெட்டிய இடத்தில் குரலை உயர்த்துவார்கள், கைத்தட்டல் விழும். ஆச்சிக்கு அந்த இடம் முக்கியமில்லை. அவள் கேட்கிற கேள்வி வேறு. "ஏளா, மிரண்ட குதிர, முன்னப்பின்ன தெரியாத ஆளு, அதுவும் ஒத்தக் கையி, ரத்தம் ஒழுகுது. அது எப்பிடிளா ஏறவிட்டுச்சு?" பதிலும் அவளே சொல்லுவாள். "அது மூஞ்சியில கெடக்க பட்ட, வாயில கெடக்க வாரு, வயித்துல கெடக்க வாரு, எல்லாம் நம்மாளு கை. பொறந்ததுலருந்து அந்த வாசம்தான அதுக்கு. ராசாவ அதுக்கு என்ன தெரியும்?"

நான் பிற்பாடு கல்லூரியில் வரலாறு படித்தேன். புத்தகத்தில் பூலித்தேவர் உண்டு, ஹெரான் உண்டு, யூசுப்கான் உண்டு. 1761இல் நெற்கட்டும்செவல் விழுந்த சேதி உண்டு. ஒண்டிவீரன் இல்லை. ஆச்சி கேட்ட கேள்வியும் இல்லை. ஒரு குதிரைப்படைக்கு எத்தனை சேணம், எத்தனை வார், எத்தனை முளை, எத்தனை கை வேண்டும் என்று யாரும் கணக்குப் போடவில்லை. எங்கள் ஆட்கள் சண்டை போட்டுத்தான் ஒண்டிவீரனை வெளியே கொண்டுவந்தார்கள். பாளையங்கோட்டையில் மணிமண்டபம் 2016இல் திறக்கப்பட்டது. 2022 ஆகஸ்ட் 20 அன்று அவர் நினைவு நாளில் தபால்தலை வெளியிட்டார்கள். மாலை போட எல்லாக் கட்சியும் வருகிறது. வரட்டும்.

மதுரைவீரன் கதையில் வேறு மாதிரி தந்திரம் செய்தார்கள். வெள்ளைக் குதிரையில் ஏறி வாளோடு நிற்கிற சாமி. அவன் எங்கள் வீட்டுப் பிள்ளை. குதிரையில் ஏறியவன் சக்கிலியனாக எப்படி இருக்கமுடியும் என்ற பதைப்பில், பிறப்பில் அவன் ராஜா மகன்தான், காட்டில் விடப்பட்டு எங்கள் வீட்டில் வளர்ந்தான் என்று ஒரு முன்கதை சேர்த்தார்கள். 1956இல் எம்.ஜி.ஆர். நடித்து வந்த படத்திலும் அதே முன்கதைதான். ஊர் எல்லையில் அய்யனாருக்கு வேளார் செய்து நிறுத்துகிற மண்குதிரைகளைப் பாருங்கள். மண்ணிலேயே கடிவாளம், மண்ணிலேயே சேணம், கழுத்தில் மணிமாலை. தோல் இல்லாத தோல்சாமான். சாமி குதிரைக்குத் தோல் ஆகாது போல. ஆனால் இதே பொதிகை மலைக்குள் காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயனுக்குத் தோல் செருப்புதான் காணிக்கை. பகடை வீட்டுப் பெண்கள் இரண்டு பேருக்காகப் பூணூலை அறுத்துச் செருப்புத் தைத்த முத்துப்பட்டன் அவன். அங்கே மட்டும் தோல் சன்னிதிவரைக்கும் போகிறது.

லகானைப் பிடிக்க விடாததால் என்ன ஆகும் என்பதற்கு அம்பேத்கர் தன் காலையே விலையாகக் கொடுத்தார். 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற சிறிய நூலில் அதை எழுதியிருக்கிறார். 1929. பம்பாய் சர்க்கார் தீண்டப்படாதவர்களின் குறைகளை விசாரிக்க அமைத்த குழுவில் அவர் உறுப்பினர். சாலிஸ்கான் ஸ்டேஷனில் இறங்குகிறார். அழைத்துப்போக வந்த மகர்வாடா மக்களுக்கு, இவ்வளவு பெரிய ஆளை நடக்கவைப்பதா என்று மனசு வரவில்லை. குதிரைவண்டி கேட்கிறார்கள். தீண்டப்படாதவனை வைத்து ஓட்டுவது தன் மரியாதைக்குக் குறைவு என்று வண்டிக்காரர்கள் மறுக்கிறார்கள். கடைசியில் ஒரு சமரசம். வண்டியும் குதிரையும் வாடகைக்கு வரும், வண்டிக்காரன் வரமாட்டான். வண்டி ஓட்டிப் பழக்கமில்லாத மகர்வாடா ஆள் ஒருவர் லகானைப் பிடிக்கிறார். தடுப்புச்சுவர் இல்லாத பாலத்தில் சக்கரம் கல்லிடுக்கில் மாட்டுகிறது. அம்பேத்கர் கல்தளத்தில் தூக்கி எறியப்படுகிறார். குதிரையும் வண்டியும் ஆற்றுக்குள். கால் எலும்பு முறிந்து பல நாள் நடக்கமுடியாமல் கிடந்தார்.

ஒரு பாரிஸ்டரை விட, கூலிக்கு வண்டி ஓட்டுகிறவன் தன்னை உயர்வாக நினைக்கிறான் என்பதைத்தான் எல்லோரும் அதில் சுட்டிக்காட்டுவார்கள். அம்பேத்கரும் அதைத்தான் சொன்னார். எனக்கு அந்தப் பெயர் தெரியாத மகர்வாடா மனிதரின் கைதான் கண்ணில் நிற்கிறது. குதிரை ஓட்டுவது பிறவி வித்தை இல்லை, பழக்கம். பழகக் குதிரை வேண்டும், வண்டி வேண்டும், திட்டாமல் சொல்லித்தருகிற ஆள் வேண்டும். மூன்றையும் மறுத்துவிட்டு, இந்தா லகான், ஓட்டிக்கொள் என்றால்?

இது பழைய கதை என்று சொல்லுகிறவர்களுக்கு 2018. அந்த வருஷம் மார்ச் 29ஆம் தேதி குஜராத்தின் பாவ்நகர் மாவட்டத்தில் டிம்பி என்ற கிராமத்தில் 21 வயது தலித் இளைஞர் ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டார். குதிரைமேல் ஆசைப்பட்டுச் சொந்தமாக ஒன்று வாங்கி, அதில் ஏறிப் போனதுதான் காரணம் என்று அவர் குடும்பம் சொன்னது. தண்ணீர், புல், காணம், சேணம் எல்லாம் அவர் வைத்திருந்திருப்பார். அதே வருஷம் ஜூலை 15 அன்று உத்தரப்பிரதேசம் காஸ்கஞ்ச் மாவட்டம் நிஜாம்பூரில் ஒரு தலித் மாப்பிள்ளையின் ஊர்வலம் தாக்கூர்கள் வாழும் தெரு வழியாகப் போனது. அதற்கு முன்னால் அவர் அலகாபாத் உயர்நீதிமன்றம்வரை போகவேண்டியிருந்தது. எந்த வழியாகப் போகவேண்டும் என்று அதிகாரிகள் வழி குறித்துக் கொடுத்தார்கள். நூற்றுக்கணக்கான போலீஸ் நின்றது. குதிரைக்கு என்னவெல்லாம் வேண்டும் என்று தாத்தா சொன்ன வரிசையில் கோர்ட்டும் போலீசும் இல்லை. அவர் காலத்தில் ஏறவே நினைக்காததால் அது தேவைப்படவில்லை.

எங்கள் குடும்பத்திலும் ஒரு தடவை ஏறினோம். 1993. என் சித்தப்பா மகன், எனக்கு அண்ணன் முறை, சென்னையில் வேலைக்குப் போய்க் கொஞ்சம் புத்தகம் படித்து, கல்யாணத்துக்குக் குதிரையில்தான் வருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றான். ஜட்காக்கள் அதற்குள் ஓய்ந்துவிட்டன. கமலைக்குப் பதில் பம்புசெட் வந்து கமலைத்தோல் வேலையும் போய், தாத்தா பழைய செருப்புக்கு வார் மாற்றிக்கொண்டிருந்தார். கல்யாண ஊர்வலத்துக்கும் கோயில் விசேஷத்துக்கும் குதிரை வாடகைக்கு விடுகிறவர் ஒருவர் பக்கத்தில் இருந்தார். அட்வான்ஸ் வாங்கிக்கொண்டார். யார் வீட்டுக் கல்யாணம் என்று தெரிந்தபிறகு ஆள் அனுப்பினார். "குதிர வரும். சேணம் வராது. அதுல மத்த ஆளுக ஏறணும்லா."

சேணம் இல்லாமலே ஏறுகிறேன் என்றான் அண்ணன். தாத்தா விடவில்லை. "ஒனக்கு வீம்பு. அதுக்கு முதுகெலும்பு." பரணிலிருந்து பழைய வண்டிச் சேணத்தை எடுத்துக் கொடுங்கள் என்றோம். வண்டிச் சேணம் வேறு, ஏறுகிற சேணம் வேறு. அதில் ஆள் உட்கார்ந்தால் இரண்டு பேருக்கும் சேதம் என்று மறுத்துவிட்டார். தெருப் பையன்களுக்குக் கோபம். அவன் நம்மை மனுசனாகவே மதிக்கல, இவரு அவன் குதிரைக்கு அழுகிறார் என்று கத்தினார்கள். அவர்கள் கோபத்தில் நியாயம் இருந்தது. தாத்தா பதில் சொல்லாமல் குதிரை நிற்கிற இடத்துக்குப் போய், வேலிக்கு வெளியே நின்றே கண்ணால் அளந்துவிட்டு வந்தார்.

மூன்று நாள் ராத்திரி பகலாகத் தைத்தார். நான் நூலுக்கு மெழுகு ஏற்றினேன். இரண்டு திண்டு, உள்ளே தேங்காய் நார், அடியில் கம்பளித் துணி, நடுவில் அந்த வாய்க்கால். அங்கவடிக்கு இரும்பு வளையம் வேண்டும் என்று பட்டறைக்குப் போனோம், ஆசாரி அடித்துக் கொடுத்தார், கூலியும் வாங்கவில்லை. சாஞ்சிச் சிற்பத்தில் கட்டைவிரல் மட்டும் நுழைகிற வளையத்தோடு ஒரு குதிரைவீரன் இருப்பதாகப் பின்னால் படித்தபோது, அண்ணன் செருப்பைக் கழற்றிவிட்டு அதற்குள் கால் நுழைத்தது ஞாபகம் வந்தது. வளையம் கொஞ்சம் சின்னதாகிவிட்டது.

ஊர்த்தெரு வழியாகப் போகக் கூடாது என்று போலீஸ் சொல்லிவிட்டது. பஸ் போகிற ரோட்டில் போனோம். அது கவர்மெண்டு ரோடு. முன்னூறு அடி தூரம் இருக்கும். டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து நின்று பார்த்தார்கள், எதற்கென்று இன்றுவரை தெரியாது. இரண்டு கல் வந்து விழுந்தது, குதிரை மிரளவில்லை. மதினி நடந்துதான் வந்தாள். பொண்ணையும் ஏற்றலாமே என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. நான் கேட்டபோது பையன்கள் சிரித்தார்கள். அதைப்பற்றி வேறொரு கட்டுரைதான் எழுதவேண்டும். சாயங்காலம் சேணத்தை அவிழ்த்ததும் தாத்தா முதலில் குதிரையின் முதுகைத்தான் தடவிப் பார்த்தார்.

பத்து நாள் கழித்துக் குதிரைக்காரர் ஆள் அனுப்பினார். அந்தச் சேணம் வேண்டும், என்ன விலை என்று. அவருடைய சேணம் போட்டால் முதுகு கன்றிப்போகிறதாம், அன்றைக்கு இதைப் போட்டபோது ஒன்றும் ஆகவில்லையாம். மத்த ஆளுக ஏறவேண்டாமா என்று அண்ணன் எகிறினான். தாத்தா அவனை அமர்த்திவிட்டு வந்த ஆளிடம் சொன்னார்: "இது விக்கிறதுக்கு இல்ல. வேற தச்சுத் தாரேன். ஆனா கண்ணளவு பத்தாது, தொட்டு அளக்கணும். குதிரையத் தெருவுக்குள்ள கொண்டாரச் சொல்லும். புளியமரத்துக்கு நான் வரமாட்டேன்."

ரொம்ப நாள் ஒரு சேதியும் இல்லை. ஆவணி பிறந்த பிறகு ஒரு காலையில் அவர் மகன், என் வயசுதான் இருக்கும், குதிரையைப் பிடித்துக்கொண்டு தெருமுனையில் நின்றான். உள்ளே வருவதா வேண்டாமா என்று பார்த்துக்கொண்டே நின்றான். குதிரைக்குத் தாகம் போல, எங்கள் அடிபம்பைப் பார்த்து அதுவே நடக்க ஆரம்பித்தது. அவன் பின்னாலேயே வந்தான். தாத்தா முதலில் ஒரு வாளி தண்ணீர் வைக்கச் சொன்னார். அது குடித்து முடிக்கிறவரைக்கும் நூலை எடுக்கவில்லை.